இதுவா உங்கட மலை

மஸ்கெலியாவிலிருந்து நியமனம் கிடைத்து வந்த
தாதி கோகிலவாணிக்கு
வாழைச்சேனையில் முதல் மாதம் நித்திரையே இல்லை.
"எங்க பார்த்தாலும் தட்டையா இருக்கு.
கண்ணு எதுல போய் முட்டும்?" என்றாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது.
எங்களுக்கும் மலை கிடக்கு கா, என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஓட்டமாவடி ஹில்மியின் ஓட்டோ.
ஏழு போத்தல் தண்ணீர், பாண், பொரித்த கணவாய்.
கிரானில் கிறுகினோம்.
ஆற்றில் தண்ணீர் கணுக்காலளவு;
மாரியில் ஆள் ஏற்றும் படகு
மணலில் கவிழ்ந்து கிடந்தது,
முதுகில் ஒரு நாய்.

மறுகா தார் ரோட்டு முடிந்துபோனது.
ஹில்மி இறங்கிப் பாலைப்பழம் பொறுக்கித் தந்தான்.
பால் ஒட்டி உதடு பிரியாமல்
அரைமணி நேரம் அவள் வாயே திறக்கவில்லை.
அந்த அரைமணியும் மலை
வலப்பக்கம் தெரிந்து, இடப்பக்கம் மாறி,
பிறகு காட்டுக்குள் காணாமல் போனது.

காவலரணில் ஒரு சிப்பாய், ஒரு கொப்பி.
பெயர். அடையாள அட்டை இலக்கம்.
'வந்த நோக்கம்' என்று ஒரு கட்டம்.
எங்கட அண்ணன் இந்தக் காட்டுக்குள் வந்த வருஷம்
கொப்பி இருக்கவில்லை,
நோக்கம் இருந்தது.
'மலை பார்க்க' என்று எழுதினேன்.
அது பொய்யும் இல்லை.

அடிவாரத்தில் நின்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
குடும்பி முடிந்த தலை மாதிரி
ஒற்றைக் கருங்கல்,
துணைக்கு ஒரு குன்றுகூட இல்லாமல்.
"இதுவா ஒங்க மலை?
எங்க ஊருல இதுல சேலை காயப்போடுவாங்க."
ஹில்மி சிரித்தான்.
அவனோடு கொஞ்ச நேரம் நான் பேசவில்லை.

கல் செருப்புக்குள்ளாலும் சுட்டது.
பாதிவழிப் பள்ளமொன்றில்
உள்ளங்கையளவு பச்சைத் தண்ணீர்,
அதற்குச் சொந்தக்காரத் தவளை.
வார்டின் மொசேக் தரையில் தடுக்கி விழுகிறவள்
ஆடு மாதிரி ஏறிப் போனாள்.
நான்தான் நாலு காலில்.

உச்சியில் கச்சான் காற்று
மேற்கிலிருந்து வந்து கன்னத்தில் அறைந்தது.
அவள் கிழக்கே பார்த்து நின்றாள்.
தகரத் துண்டாய்த் தரவைக்குளம்.
மாட்டுப்பட்டி, தூரத்தில் சிந்திய அரிசி.
சிறுபோக வயல் அங்கொரு பச்சை, இங்கொரு பச்சை.
எல்லாவற்றுக்கும் அங்கால்
அடிமட்டம் வைத்துக் கீறிய கடல்.

கன நேரம் பேச்சில்லை. இம்முறை பாலைப்பழம் காரணமில்லை.
"எங்க ஊருல மலை ஏறுனா
இன்னொரு மலை தெரியும்.
அதுல ஏறுனா இன்னொண்ணு.
நெலம் எங்க முடியுதுன்னு
நான் பார்த்ததே இல்லக்கா."

பழகின கடல் எனக்கெதற்கு?
நான் மேற்கே திரும்பினேன்.
வானத்தின் அடியில் ஆறின காயம் போல ஒரு நீலம்.
உங்கட பக்கம் அதுதான், என்றேன்.

"அங்க இப்ப மழை.
காலைல அம்மா போன் போட்டாங்க.
மூணு நாளா கொழுந்து நனைஞ்சு,
கூடை கனக்குதாம். நெறுவையில தண்ணின்னு கழிக்கிறானுங்களாம்."

அப்போதுதான் பிடிபட்டது.
மழை முழுவதையும் அவளுடைய அம்மாவின் முதுகில் இறக்கிவிட்டு
வெறுங்கையோடு இறங்கி வருகிற காற்றைத்தான்
கச்சான் என்று பேர் சொல்லி
ஆனி முழுக்க நாங்கள் ஏசுகிறோம்.

வியர்வையில் ஊறிய சால்வையைக் கழற்றி
அவள் கல்லின் மேல் விரித்தாள்,
நாலு மூலையிலும் நாலு கல்.
ஐந்து நிமிசம்கூட ஆகவில்லை.
எடுத்து, முகத்தில் வைத்து, மணந்து பார்த்தாள்.

கீழே ஹில்மி கேட்டான், எப்படி மிஸ் எங்கட மலை?
"கல்லுதான்," என்றாள்.
ஓட்டோவில் ஏறியபிறகு,
"பெரிய கல்லு."

பட்டிக்காரரிடம் வாங்கிய தயிர்ச்சட்டியை மடியில் வைத்தபடி
கிரான் வருமுன்னே நித்திரையாகிவிட்டாள்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முழங்காலில்
கொஞ்சம் கொஞ்சமாய்த் தயிர்.