ஓடாமல் தேய்ந்தது

காகித ஆலையின் கூழ்க் கூடத்தில்
ஒரே கான்கிரீட் மேடைமேல் இரண்டு பம்புகள்.
இடப்பக்கத்தது பதினான்கு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.
வலப்பக்கத்தது அதற்கு மாற்று:
பச்சைப் பெயின்ட் கலையாமல்
கூப்பிட்டால் எழ ஆயத்தமாக நின்றது.

ஜனவரி. வெளியே போத்னியா வளைகுடா இறுகி
பனியுடைப்புக் கப்பல் போன தடமும் மூடிவிட்டது.
இடதை நிறுத்தி வலதை ஓட்டிய மூன்றாம் நாள்
சென்சாரைக் கொண்டுபோனேன்.
காந்தம் இரும்பைச் சட்டென்று கவ்வியது.
திரையில் கோடுகள் முளைத்தன.

சுழற்சிக்கு ஒன்று: அது எப்போதும் இருக்கும், இருக்கட்டும்.
சுழற்சிக்கு இரண்டு: தணிவாகத்தான். இணைப்பு கோணவில்லை.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
எந்த முழு எண்ணோடும் ஒட்டாத ஓரிடத்தில்
குச்சி நட்டதுபோல ஒரு கோடு.
இரட்டிப்பில் இன்னொன்று,
மும்மடங்கில் குட்டையாய் மற்றொன்று.

பேரிங்கின் வெளிவளையம், என்றேன்.
உர்போ காதுமூடியை ஒரு பக்கம் மட்டும் தூக்கினார்.
"நான் மாட்டியது. எழுபது மணிநேரம்கூட ஓடவில்லை.
முதலில் உன் கருவியைப் பார்."
பார்த்தேன். கேபிளை மாற்றினேன்.
காந்தம் ஒட்டும் இடத்தைத் துடைத்தேன்.
கோடு அங்கேயே நின்றது, கடன் கொடுத்தவன்போல.

வெள்ளிக்கிழமை கழற்றி அறுத்தோம்.
கிரீஸ் செம்பழுப்புத் தூளாகியிருந்தது.
வளையத்தின் அடிப்பாதியில் நான்கு பள்ளங்கள்,
குண்டுக்கும் குண்டுக்கும் உள்ள அதே இடைவெளியில்;
கண்ணுக்கு நிழல், நகத்துக்குப் பள்ளம்.

பக்கத்துப் பம்பின் அதிர்வு
மேடை வழியே நடந்து வந்து
நகராத குண்டை நகராத இடத்திலேயே
நொடிக்கு இருபத்தைந்து முறை
பதினான்கு மாதம் இடித்திருக்கிறது.
பதிவேட்டில் அந்தக் காலத்துக்கு நேரே
உர்போவின் கையெழுத்தில்: சும்மா நிற்கிறது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஆறிய காப்பியைக் குடித்து முடித்துவிட்டு
வெள்ளைப் பெயின்ட் தேடி எடுத்து
இரண்டு தண்டுகளிலும் ஒரு கீறல் இழுத்தார்.
திங்கள்தோறும்
ஓய்வில் இருப்பதைக் கையால் திருப்ப வேண்டும்,
ஒரு முழுச் சுற்று, அதன்மேல் கால்.

இப்போது இடப்பக்கத்தது நிற்கிறது.
என் பட்டியலில் நிற்கும் பம்புக்கு வரி கிடையாது;
பென்சிலால் ஒன்று சேர்த்துக்கொண்டேன்.
குளிர்ந்த மூடிமேல் காந்தத்தை வைக்கிறேன்.
ஓடாததன் திரையில்
ஓடுவதன் வேகம்
சின்னதாய் ஒரு கோடு.
உர்போ எட்டிப் பார்க்கிறார்,
கையுறையைக் கழற்றி
இன்று புதன் என்பதை மறந்தவர்போல்
தண்டைப் பிடித்துத் திருப்புகிறார்.