முப்பது மில்லி ஆம்பியர்

விடிகாலை நாலு ஐம்பதுக்கு விழுகிறது.
டக் என்று ஒரே சத்தம்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உதறி அடங்குகிறது.
தூக்கினால் நிற்பதில்லை.
ஏழெட்டு நிமிடம் கழித்துத் தூக்கினால்
ஒன்றும் நடக்காததுபோல் நிற்கிறது.

முதலில் கீசரைச் சந்தேகித்தேன்.
குன்னூரில் எந்தக் குற்றத்துக்கும் முதல் ஆள் கீசர்தான்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
ஒரு வாரம் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளித்தேன்.
விழுந்தது.
அப்புறம் அயர்ன் பாக்ஸ், அப்புறம் மோட்டார்.
வாசல் விளக்கின் கிண்ணத்துக்குள்
ஒரு நத்தை குடியேறியிருந்தது.
அதைக் கேரட் தோலில் ஏந்தி வேலியோரம் விட்டேன்.
அன்று இரவும் விழுந்தது. நத்தையிடம் மன்னிப்புக் கேட்க
இருட்டில் எங்கே தேடுவது?

எடப்பள்ளி போஜன் வந்தார்.
குரங்குக் குல்லா, காதில் செருகிய டெஸ்டர்.
சின்ன சுவிட்சுகளையெல்லாம் வரிசையாகக் கீழே தள்ளி
மெயினை மட்டும் நிமிர்த்தி வைத்தார்.
"இப்ப வீட்டுக்குள்ள சொட்டுக் கரண்டு ஓடலை.
இதுக்கப்புறமும் விழுந்தா, பேய்தான்."

"ஒன்பது இருபது வரை இருங்க" என்று
தாளை நீட்டினேன்.
ஃபாக்டரியில் பச்சை இலை எடை எழுதுகிறவன் நான்.
எதையும் குறித்துவைக்காமல் தூக்கம் வராது.
காலை 4.50. இரவு 9.20. ஞாயிறு மட்டும் 5.40.
ஆகஸ்ட் மழையில் ஒருநாள் நடுநிசி 2.10,
அன்று விடியும்வரை நிற்கவேயில்லை.

ஒன்பது பத்தொன்பதுக்கு போஜன் டீயைக் கீழே வைத்தார்.
ஒரு விளக்கும் எரியாத வீட்டில்
டக்.

சிரித்துவிட்டார்.
"சார், இது பியூஸ் இல்லை. உங்களை மாதிரி கணக்கப்பிள்ளை.
போனதும் வந்ததும் சரியா இருக்கணும்.
முப்பது மில்லி ஆம்பியர் இடிச்சா, புஸ்தகத்தை மூடிடும்.
இங்க இருந்து எதுவும் போகவே இல்லை.
ஆனா வருது.
யார் வீட்டுக் கரண்டோ உங்க வழியாத் திரும்புது."

நான் சுவரைப் பார்த்தேன்.
நாலு வருடத்துக்கு முன் ஹாலோ பிளாக்கில் எழுப்பியது,
என் பக்கம் பூசி, அவள் பக்கம் பூசாமல்.
பத்திரத்தில் எல்லாம் இருந்தது:
பாத்திரம், பீரோ, அப்பாவின் ரேடியோ,
பேரி மரம் ஒரு வருடம் எனக்கு, ஒரு வருடம் பெர்னதத் அக்காவுக்கு.
நியூட்ரல் என்று ஒரு கறுப்பு ஒயர்
மச்சுக்குள் ஓடுவதை
வக்கீலும் அறியார்.
ஜூனில் நான் புது போர்டு மாட்டும்வரை
அதுவும் வாய் திறக்கவில்லை.
அவள் பக்கம் இன்னும் பழைய பீங்கான் பியூஸ்,
அதற்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது.

"வெட்டிடவா? அஞ்சு நிமிஷ வேலை.
அந்தப் பக்கம் ஏதோ ஒரு லைட்டு அணையும், அவ்வளவுதான்."

ஏதோ ஒரு லைட்டு.
காலை ஷிப்ட் நர்ஸ் இறங்கும் மாடிப்படி,
பாசி பிடித்த பதினோரு படி.

மூடுபனியில் சுற்றிப் போய்க் கதவைத் தட்டினேன்.
ஸ்வெட்டரைக் கழற்றாமல் வந்து நின்றாள்.
நாலு வருடத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் வாக்கியம்:
"படிக்கட்டு லைட்டை ஒருதரம் அணைச்சுப் போடு."

அணைத்தாள். என் வீட்டு மெயினை நிமிர்த்தும் சத்தம்.
போட்டாள்.
"அதேதான்!" என்று போஜன் இருட்டுக்குள்ளிருந்து கத்தினார்.

அவள் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.
"அப்ப நான் போறது வர்றது எல்லாம் உனக்குத் தெரியும்."
"எழுதி வச்சிருக்கேன்" என்றேன்.
பிறகு, கேட்கக் கூடாதென்று இருந்தும்,
"ஆகஸ்ட்ல ஒருநாள், ரெண்டு பத்துக்கு?"

"அத்தானுக்கு மூச்சுத் திணறல்.
ஆம்புலன்ஸ் வளைவுல நின்னுடுச்சு, தூக்கிட்டு இறங்கினோம்."
கொஞ்சம் கழித்து, "இப்போ பரவாயில்லை."

அன்று இருட்டில் உட்கார்ந்து
மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒயரைப் பிரித்துக் கட்ட மச்சுக்கு ஏற வேண்டும், முக்காலி இருக்கா
என்று போஜன் கேட்டார்.
உள்ளே போய் எடுத்துவந்தாள்,
பாகத்தில் அவளுக்குப் போனது.
இடது கால் இன்னும் ஆடுகிறது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம்.