இரண்டு சாண்

ஒரே கார், இரண்டு நிறம்.
சிவப்புக்கு மூன்று மிதி, சாம்பலுக்கு இரண்டு.
அரவேணுவில், மஞ்சு விலகாத தகரக் கொட்டகையில்
பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார் ஹாலன்.
"ரெண்டையும் ஓட்டிப் பாருங்க டாக்டர்,
குஞ்சப்பனை வரைக்கும். பெட்ரோல் மட்டும் உங்களுது."

நாற்பத்தேழு வயதில் எதற்கு
இரண்டே இருக்கை வைத்த கார் என்று
கேட்க வேண்டியவர்கள் எல்லாம் கேட்டாயிற்று.
கோவையிலிருந்து கொழுந்தன் மட்டும்
கியரைப் பற்றிப் பேசினான்.
"ஆட்டோமேட்டிக் எடுங்க அண்ணி.
நீங்க கிளட்ச்சை நினைக்கறதுக்குள்ள
அது ரெண்டு கியர் மாத்தியிருக்கும்."
அவன் சொன்னது பொய்யில்லை.

முதலில் சாம்பல்.
இடது கால் வேலையிழந்து விரிப்பில் கிடந்தது,
ஓய்வு பெற்ற மறுநாளும்
எட்டரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டவரைப் போல.
வளைவு வருமுன்பே அதற்குத் தெரிந்திருந்தது.
நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு,
ஒரு தொண்டைச் செருமல்கூட இல்லாமல்.
நல்ல கார். சந்தேகமேயில்லை.

நான் மயக்க மருந்து கொடுப்பவள்.
குன்னூரில் பத்தொன்பது வருடமாக
பிறர் மூச்சை ஒரு பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு
அதன் எண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
நிமிடத்துக்குப் பன்னிரண்டு என்றால்
பன்னிரண்டேதான்.
என் கையைவிட அதற்கு ஒழுங்கு அதிகம்.
ஆனாலும் குழாய் வைத்த முதல் சில நொடி
பையைக் கையால்தான் அழுத்துவேன்.
நெஞ்சு எவ்வளவு இறுக்கம், எங்கே முரண்டுகிறது,
பீடி குடித்தவரா, அடுப்பூதியவரா,
திரைக்கு வருமுன் உள்ளங்கைக்கு வந்துவிடும்.
அதனால் ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைத்ததில்லை.
அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு சிவப்பு.
கிளட்ச் கனம். மூன்றாவது கியர்
குளிரில் கொஞ்சம் அடம் பிடிக்கும் என்றார் ஹாலன்,
விலையில் அதைக் கழிக்காமல்.
முதல் வளைவில் நான் தப்பு.
அடுத்ததில் நானும் தப்பு, காரும் தப்பு.
அதற்கடுத்ததில்
சரியான இடத்தில் கால் எழுந்தது, கை விழுந்தது.
நழுவிய தோள் மூட்டில் திரும்ப உட்காரும்போது
கேட்குமே ஒரு சின்ன 'தொக்',
அது.
தனியாகச் சிரித்தேன்.

திரும்பும் ஏற்றத்தில்
தேயிலைச் சரிவிலிருந்து ரோட்டுக்கு இறங்கி
குறுக்கே நின்றது காட்டெருமை.
நான்கு காலிலும் வெள்ளைக் காலுறை.
பிரேக்கை மிதித்தேன், கிளட்ச்சை மறந்தேன்.
ஒரு குலுக்கல்.
எஞ்சின் செத்தது.

சாம்பல் கார் இப்படி நின்றிருக்காது.
இந்த நிசப்தமும் இருந்திருக்காது.
அது மூச்சு விடுவது கேட்டது.
எண்ணினேன், தொழில் பழக்கம்:
நிமிடத்துக்குப் பதினாறு, பதினேழு.
என்னுடையதை எண்ணவில்லை.
என்னை எடைபோட்டது, அல்லது
காதில் உட்கார்ந்த ஈயை ஓட்டியது.
பிறகு அவசரமில்லாமல்
பள்ளத்துப் பக்கம் இறங்கிப் போயிற்று.

பின்னால் காய்கறி லாரி ஹாரன் அடித்தது.
சாவியைத் திருகி, முதல் கியரில் போட்டு,
கைப்பிரேக்கை விட்டு,
கிளட்ச் கடிக்கும் இடத்தை நான் தேடத் தேட
கார் பின்னால் நகர்ந்தது.
ஒரு சாண்.
இன்னொரு சாண்.
லாரியின் முகம் கண்ணாடி முழுவதும்.
அடிவயிற்றில் மலையே சரிந்தது.
அப்புறம் இடது காலுக்குத் தெரிந்துவிட்டது,
எனக்குச் சொல்லாமலே.

"எது வேகம் டாக்டர்?"
சாம்பல்தான் என்றேன்.
சிவப்புக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்.
ஹாலன் பேனாவை ஒரு கணம் தூக்கிப் பிடித்து
என்னைப் பார்த்துவிட்டு எழுதினார்.
கொழுந்தன் போனில் காரணம் கேட்டான்.
சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.
சிக்னல் இருந்தது.

மறுநாள் விடியலில், பனியில்,
மூன்றாவது கியர்
அவர் சொன்னபடியே உள்ளே போக மறுத்தது.
கையை எடுக்காமல்
காத்திருந்தேன்.