மூச்சை வெட்டுகிறவள்

யாபாவில் இரண்டாம் மாடி.
கீழே யாருடையதோ ஜெனரேட்டர்
பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது.
என் வேலை, பாடுகிறவர்களின் மூச்சை வெட்டுவது.
வரிக்கும் வரிக்கும் நடுவே
வாய் திறந்து காற்றை இழுக்கிற சின்ன அசிங்கத்தைத்
திரையில் தேடிப் பிடித்து நீக்கிவிடுவேன்.
கேட்கிறவர்களுக்கு நுரையீரல் தெரியக்கூடாது.

பியோபேலே போன வருஷம்வரை
கார், கைக்கடிகாரம், கடற்கரை என்றுதான் பாடினான்.
இந்த வியாழக்கிழமை மழையோடு வந்தான்.
செருப்பை வாசலில் விட்டான்,
யாரும் விடச் சொல்லவில்லை.

தாளம் பழைய தாளம்தான்,
இடுப்பைச் சும்மா இருக்கவிடாத அதே நடை.
அதன்மேல் தணிந்த குரலில்
பாதி பிட்ஜின், பாதி கலபாரி:
மாத்திரை சாப்பிடுகிறேன்
அம்மாவிடம் சொல்லவில்லை
ஊருக்குப் பணம் அனுப்பும்போது மட்டும்
நான் நன்றாக இருக்கிறேன்.

மூன்றாவது முறை
'அம்மா' வருவதற்குச் சற்று முன்னால்
மூச்சு படியில் தடுக்கியது போல் விழுந்தது.
அவன் நிறுத்தவில்லை.
நானும் நிறுத்தவில்லை.
ஹெட்போனைக் கழற்றி அதன் பஞ்சைச் சட்டையில் துடைத்தான்.
'இன்னொரு தடவை சுத்தமாகப் பாடட்டுமா?'

வேண்டாம் என்றேன்.
ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.
கத்தியை வைத்துக்கொண்டு
கையைக் கட்டிக்கொண்டது அன்றுதான்.

'இதற்கெல்லாம் ஆடுவார்களா?'

ஆடினார்கள்.
டிசம்பர், லெக்கி, நள்ளிரவு தாண்டி
புட்டியும் வியர்வையுமாக ஐநூறு பேர்.
டீஜே ஒலியைக் குறைத்ததும்
மாத்திரை வரியை அவர்களே கத்தினார்கள்.
என் பக்கத்தில் வெள்ளை அக்பாடா போட்ட ஒருவர்,
வங்கி அதிகாரி மாதிரி இருந்தார்,
கண்ணை மூடிக்கொண்டு
ஓர் அடி பிசகாமல் ஆடினார்.
அந்த இடம் வந்தது.
ஐநூறு பேரும் அங்கேயே தடுக்கினார்கள்.
பாட்டில் எழுதாத ஒன்றை
எப்படி மனப்பாடம் செய்தார்கள்?

காலையில் பழைய கோப்புகளைத் திறந்தேன்.
வெட்டிய மூச்சுகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன,
நாவிதர் கடை மயிர் போல.
எது எவருடையது என்று பிரிக்க முடியவில்லை.

அபெயோகூட்டாவிலிருந்து என் அம்மா அழைத்தாள்.
வழக்கமான கேள்வி.
வழக்கமான பதிலுக்காக வாயைத் திறந்தேன்.
அதற்கு முன் கொஞ்சம் காற்று
சத்தமாக உள்ளே போய்விட்டது.

'என்னடி அது?' என்றாள்.