ஒப்பீட்டு எடுத்துக்காட்டு மூன்று

ரைஸ்வைக்கில் மழை. காப்புரிமை விண்ணப்பம், கோரிக்கை ஒன்று:
நிறமி நான்கு விழுக்காடு,
கிளிசரால் ஒன்பது முதல் பதினொன்று,
மீதி நீர்.
மீதி எப்போதும் நீர்தான்.

மறுப்பைப் பாதி தட்டிவிட்டேன்:
ஒசாகாக்காரர்கள் முன்பே எழுதியாயிற்று,
எட்டிலிருந்து பதினான்கு வரை.
இதில் புதிதென்ன?

அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில்,
பன்னிரண்டு விழுக்காட்டில் தோற்றுப்போன மை:
“நாற்பதாம் பக்கத்தில் முனை அடைத்துக்கொண்டது.
மறுபடி செய்தோம். மறுபடியும்.”

அந்த ‘மறுபடியும்’ வழக்கறிஞர் எழுதியதல்ல.
ஹென்ட்ரிகா ஸ்லாக்மோலன், கண்டுபிடிப்பாளர்,
கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு
எழுதியிருப்பாள்.

பதினொன்றில் ஓடுகிறது. பன்னிரண்டில் நின்றுவிடுகிறது.
இந்த ஒரு விழுக்காட்டுச் சங்கதி
ஒசாகாவுக்குத் தெரியாது.
எழுதியதை அழித்தேன்.

யோஸ்ட் சாப்பிடக் கூப்பிட்டான்.
போ, வருகிறேன் என்றேன்.
தாழ்வாரத்து அச்சுப்பொறி
யாருடைய கடிதத்துக்கோ
தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தது.