ஏழு போடு

"தேசம்மா யாரு?"
பழைய ஜெயில் ரோடு வரைக்கும் நிக்கிற வரிசையில
நாந்தான்.
அட்டைய எடுக்கறதுக்குள்ள
அந்தப் பொண்ணு கட்டம் போட்ட தாள எடுத்துட்டா.
ஆறு மாசம் ஆச்சும்மா, வெளிய தள்ளுதா?
இல்ல.
கசியுதா? வாரத்துக்கு எத்தினி, மாசத்துக்கு எத்தினி?
கணக்கு வெக்கலம்மா.
கூடைக்கு எத்தினி நண்டுன்னு கேளு, சொல்றேன்.

பதினோரு வருசம்.
காசிமேட்டுல ஐஸ் பெட்டி தூக்கச் சொல்ல
ஒருநாள் எறங்குச்சு.
விரலால உள்ள தள்ளி
சோப்பு போட்டுக் கையக் கழுவி
வஞ்சிரம் அறுக்க உக்காந்தேன்.
பரசுகிட்ட மூலம்னு சொன்னேன்.
மூலம் மரியாதையான வியாதி,
கரண்ட் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டிகீறான்.
இதுக்கு ஒருத்தனும் ஒட்டல.

தொப்புளாண்ட ஒண்ணு, பக்கத்துல மூணு,
எறும்பு கடிச்சாப்ல ஓட்டை.
டிவியில பாத்துகினே தச்சாங்களாம்.
எறங்கினத மேல இழுத்து
வலை வெச்சு முதுகெலும்பாண்ட கட்டிட்டோம்னாங்க.
வலையா?
கண்ணி எத்தினி இன்ச்சு, இன்னா இழுவை தாங்கும்,
கேட்டிருப்பேன்.
மயக்கத்துல நாக்கு தடியா கெடந்துச்சு.
வயித்துல ஓட்டை போட்டா
தோள்ல வலிக்குது, அதிசயம்.
உள்ள அடிச்ச காத்தாம்.
மூணாம் நாளு ஆட்டோல வீடு.
ஆறு வாரம் கூடைய மருமவ தூக்கினா,
கடனையும் அவளே வசூல் பண்ணா,
இன்னும் திருப்பித் தரல.

முக்கக் கூடாதுன்னு சொல்லிகீறாங்க.
முக்காம சில நாளு வரமாட்டேங்குது.
ராத்திரி உமி மாதிரி ஒரு பவுடர் கரைச்சுக் குடிக்கறேன்.
இருமினா எப்பவாச்சும் லேசா ஈரம்.
அதையும் எழுதிக்கம்மா.

திரும்ப எறங்குமா?
"சிலருக்கு எறங்கும்மா."
பொய் சொல்லல. புடிச்சிருந்துச்சு.

கொருக்குப்பேட்டையில ஒரு கல்யாணம்,
மூணாம் பந்தி வரைக்கும் உக்காந்திருந்தேன்,
சிரிச்சேன், வாயத் தொறந்து.
அதுக்குக் கட்டம் எங்கம்மா?
அவ தாளத் திருப்பிப் பாத்தா. பின்னாடி வெள்ளை.

மொத்தத்துல பத்துக்கு எத்தினி?
ஏழு போடு.
வலைய நம்பி
பத்து சொன்னவ எங்க தெருவுல இல்ல.

எழுந்தேன்.
பழக்கம், திரும்பி நாற்காலியப் பாத்தேன்.
நீல பிளாஸ்டிக்.
காஞ்சிருந்துச்சு.
அடுத்த ஆளு உக்காந்துட்டாரு.