எர்த்

நீடாமங்கலம். பாராட்டு விழா.
மைக் செட் என்னுடையது.
காலையிலிருந்து ஒரு ‘ம்ம்ம்’
விட்டபாடில்லை.
ஒயரை மாற்றியாயிற்று, பெட்டியைத் தட்டியும் பார்த்தாயிற்று.

தலைவர் பேசுகிறார்:
“எங்கோ இரண்டு கருந்துளைகள் மோதின.
நம்ம கூத்தாநல்லூர் டாக்டர் சபுரா
அந்த அதிர்வைக் கேட்டார், விருது பெற்றார்.”
ம்ம்ம்.

சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு
மேடையிலிருந்து இறங்கி வந்தார் அவர்.
“ஐம்பது ஹெர்ட்ஸ்,” என்றார்,
தெரிந்த திருடனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல.

பட்டுப்புடவையோடு குத்துக்காலிட்டு
ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனார்.
இரண்டு இடத்தில் எர்த் கொடுத்திருக்கிறேன்.
ஒன்றைக் கழற்றினார்.

மண்டபம் சட்டென்று பெரிதானது.

“இருபத்தாறு வருஷமா இதே வேலைதான் தம்பி.
லாரி, ரயில், கடல்,
கண்ணாடி தொங்குற இழையோட நடுக்கம்,
ஒவ்வொண்ணா விலக்கணும்.
வந்தது ஒரு நொடிகூட இல்ல.
அப்ப நான் தூங்கிட்டிருந்தேன்.”

மறுபடி மேடையேறினார்.
லெவல் கிராஸிங்கில் நெல் ஏற்றிய கூட்ஸ் கடந்தது.
மேசையில் அவருடைய தண்ணீர் டம்ளரில்
வளையம், வளையத்துக்குள் வளையம்.

தலைவர் இன்னும் முடிக்கவில்லை.
அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நானும்தான்,
கடைசிப் பெட்டி போகும்வரை.